லாங்ஃபீல்டு வரவேற்கிறது

ஜூன் 9, திங்கள்

வந்துட்டு! கோர்ட்டுல இருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்துட்டு. ஜூரியா வந்து உக்காருங்கன்னு, குற்றாலிங்கம் சண்முகசுந்தரம்னு முழுப் பேரையும் அச்சடிச்சு அனுப்பியிருக்காங்க. அமெரிக்கா வந்து பதினெட்டு வருஷம், இந்த லாங்ஃபீல்டுக்கு வந்து பதினோரு வருஷம். இத்தனை நாளும் கரண்டு பில்லுதான் என் பேரைத் தேடி வந்துது. குடியுரிமை வாங்கி பதினாலே மாசத்துல, ஒரு கேஸுக்கு நியாயம் சொல்லுப்பான்னு கூப்பிடுதாங்க. தென்காசியில பொறந்தவன் ஒஹையோவுல நியாயம் சொல்லப் போறேன். தலை கால் புரியல.

ஃபாக்டரியில சொன்னா எல்லாவனும் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கான். முதுகுவலின்னு எழுதிக் குடு, விட்டுருவாங்கன்னு ஒருத்தன் யோசனை வேற சொன்னான். போங்கடேன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். எனக்கு அங்க பிரேக் பாகங்கள்ல குறை கண்டுபிடிக்கிற வேலை. மயிரிழை விரிசல் இருந்தாலும் எடுத்துச் சிவப்புத் தொட்டியில போட்டுருவேன். அப்படிப்பட்ட கண்ணு கோர்ட்டுக்கு வேணும்லா?

கம்பெனி குடுத்த டைரி இது. இதுவரைக்கும் மளிகை லிஸ்ட்டுதான் எழுதியிருக்கேன். இன்னைக்குத்தான் எழுத ஒரு விஷயம் கிடைச்சிருக்கு.

காலையில என் பொண்டாட்டி செண்பகத்துக்குத் தலை பின்னிவிட்டேன். சாயந்தரம் வெங்காயம் நறுக்கினேன். ஊறுகாய் பாட்டில் மூடி திறந்து வச்சேன். செண்பகம் கடுதாசியைப் பாத்துட்டு, கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட இப்படிக் குதிக்க மாட்டீங்கன்னு கேலி பண்ணினா.

ஜூன் 15, ஞாயிறு

பக்கத்து ஊர்ல மாசானமுத்து வீட்ல சாப்பாடு. அவனும் திருநெல்வேலிக்காரன்தான். சாப்பிட்டுட்டு ரெண்டு மணி நேரம் இந்தியாவைக் கிழிகிழின்னு கிழிச்சோம். தென்காசி பஸ் ஸ்டாண்டு கக்கூஸ்ல ஆரம்பிச்சு பட்ஜெட் வரைக்கும் ஒண்ணையும் விடல. என்ன சுகமான சாயந்தரம்!

வார வழியில செண்பகம் கேட்டா, ரெண்டு மணி நேரத்துல இந்த ஊரைப் பத்தி ஒரு குறை கூடவா உங்க வாய்ல வரலைன்னு. இங்க என்னட்டி குறைன்னேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. வீடு வந்ததும் சீட் பெல்ட்டைக் கழட்டிவிட்டேன். முன்னெல்லாம் அவ ஸ்கூல் பஸ்ஸே ஓட்டினவ. விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.

வெள்ளைச் சட்டையை இப்பவே இஸ்திரி போட்டு மாட்டியாச்சு. இன்னும் எட்டு நாள் இருக்கு, பரவாயில்ல.

ஜூன் 23, திங்கள்

நான் ஜூரி! ஐந்தாம் நம்பர் நாற்காலி! எழுத்து கோணுது.

முப்பது பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சு, உண்மையே சொல்லுவோம்னு சத்தியம் வாங்கிட்டு, ரெண்டு பக்க வக்கீலும் கேள்வி கேட்டாங்க. இதுதான் உலகத்துலயே சிறந்த நாடுன்னு நினைக்கீங்களான்னு அரசு வக்கீல் கேட்டார். இங்க பொறந்தவங்களே சில பேரு இழுத்தாங்க. நான் கேள்வி முடியுறதுக்குள்ள ஆமான்னுட்டேன். எதிர்ப் பக்கத்து வக்கீல் ஒரு சின்னப் பொண்ணு. நாட்டைக் குறை சொல்லுறவனைப் பாத்தா கோவம் வருமான்னு கேட்டா. எங்க ஆளுங்க உக்காந்தா எந்திரிச்சா குறைதான் சொல்லுவாங்க, எனக்குப் பழக்கம்தான்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ரெண்டு பக்கத்துக்கும் என்னைப் பிடிச்சுப் போச்சு.

இன்னும் என்னென்னமோ கேட்டாங்க. போலீஸ்ல சொந்தக்காரங்க உண்டா, ஊர்க் கவுன்சில்ல யாரையும் தெரியுமா, மூணு வருஷத்துல உங்க வீட்டுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட்டது உண்டா, அப்படி. ஆம்புலன்ஸுக்கு ரெண்டு பேர் கையைத் தூக்கினாங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் தூக்கல. மத்தியானம் சாண்ட்விச் குடுத்தாங்க, நல்லா இருந்துது.

கடைசியில எட்டுப் பேரும், கூட உபரிக்கு ஒருத்தரும். உபரி ஆளு டோரீன்னு ஒரு அம்மா, பூக்கடை வச்சிருக்காங்களாம். எட்டுப் பேரும் ஒரே மாதிரி சொன்னாத்தான் தீர்ப்பு. ஒருத்தர் மாட்டேன்னாலும் தீர்ப்பு கிடையாது. அப்படின்னா என் ஒரு வார்த்தைக்கு என்ன மதிப்பு பாருங்க!

ஒரே ஒரு கஷ்டம். கேஸ் முடியுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு நீதிபதியம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க, பொண்டாட்டிகிட்டக்கூட. எனக்கா இந்தச் சோதனை? நாக்கு துறுதுறுங்குது. ஆகையால எல்லாத்தையும் இந்த டைரிகிட்டதான் கொட்டணும்.

ஜூன் 24, செவ்வாய்

கேஸு இதுதான். ஊருக்குள்ள நுழையுற இடத்துல பெரிய போர்டு இருக்குல்லா? உலகத்தின் தலைசிறந்த நாடு, அதன் தலைசிறந்த ஊர், லாங்ஃபீல்டு உங்களை வரவேற்கிறதுன்னு. மூணு வருஷத்துக்கு முன்னால கவுன்சில்ல வச்சது. அதுக்குக் கீழ போன மார்ச்சுல ஒருத்தர் சிவப்புப் பெயிண்டுல ரெண்டு வார்த்தை எழுதிட்டார். "இன்னும் இல்லை." அவ்வளவுதான்.

எழுதினவர் டெல்பர்ட் ஹோக். அறுபத்தெட்டு வயசு, டிராக்டர் ரிப்பேர் பண்ணினவர், சின்ன வயசுல பட்டாளத்துல இருந்தவர். நான்தான் எழுதினேன்னு அவரே போலீஸ்கிட்ட போய்ச் சொல்லியிருக்கார். வருத்தம் தெரிவிச்சு நாலு வரி எழுதிக் குடுத்தா கேஸை விட்டுருதோம்னு சொல்லிப் பாத்திருக்காங்க. போர்டை நானே திரும்ப அடிச்சுத் தாரேன், வருத்தம் மட்டும் எழுத மாட்டேன்னுட்டாராம். தீர்ப்பு பாதகமாப் போனா ஜெயிலுக்குப் போகணும்.

போர்டு போட்டோவைக் காட்டினப்போ எனக்கு ரத்தம் கொதிச்சுது, நிஜமாவே. அந்தப் போர்டுக்கு முன்னால நின்னு நானும் செண்பகமும் போட்டோ எடுத்து தென்காசிக்கு அனுப்பியிருக்கோம். நம்ம ஊர்ப் போர்டுல எழுத இவருக்கு என்ன உரிமைன்னு நினைச்சேன். குற்றவாளிதான்னு மனசுல முடிவே கட்டிட்டேன். முடியுற வரைக்கும் முடிவு பண்ணக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, ஆனா மனசுக்கு யாரு சொல்லுறது?

வீட்டுக்கு வந்தா செண்பகம் உள்ளூர்ப் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு, ஏதோ போர்டு கேஸாமேன்னு ஆரம்பிச்சா. ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அடுக்களைக்கு ஓடினேன். அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நாளாச்சு.

ஜூன் 25, புதன்

இன்னைக்கு டெல்பர்ட் கூண்டுல ஏறிப் பேசினார்.

அவர் பொண்டாட்டி பேரு ஐரீன். போன வருஷம் பிப்ரவரி மாசம் ஒரு மத்தியானம், துணி மடிச்சுக்கிட்டு இருந்தவங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாங்க. இவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கார். முன்னால ஊருக்குன்னு சொந்தமா ஆம்புலன்ஸ் இருந்துது. மூணு வருஷத்துக்கு முன்னால கவுன்சில் அதை நிறுத்திட்டு, முப்பது மைல் தள்ளி இருக்கிற ஊரோட கூட்டுச் சேந்துக்கிட்டாங்க. போர்டு வச்ச அதே கோடையில. வண்டி வர நாப்பத்தொரு நிமிஷம் ஆயிருக்கு. நாப்பத்தொரு நிமிஷமும் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்திருந்தாராம். வண்டி வாரதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் உயிர் போச்சுன்னு சொன்னார். அழாம சொன்னார்.

அதுக்கப்புறம் எட்டுத் தடவை கவுன்சிலுக்குக் கடுதாசி போட்டிருக்கார். எட்டுக்கும் நன்றின்னு பதில் வந்துதாம்.

அரசு வக்கீல் எந்திரிச்சு, உங்களுக்கு இந்த நாட்டு மேல பிரியமே இல்லையான்னு கேட்டார்.

டெல்பர்ட் அவர் பக்கம் திரும்பினார். "நான் வேற எந்த ஊர்ப் போர்டுலயும் பெயிண்ட் அடிக்கலையே"ன்னார்.

எனக்கு நாற்காலியில உக்கார முடியல. நாம மாசானமுத்து வீட்ல பண்ணுறதைத்தானே இவர் இங்க பண்ணியிருக்கார்! தென்காசி கக்கூஸை நாறடிச்சுப் பேசுறவனுக்கு தென்காசி மேல பாசம் இல்லைன்னு எவனாவது சொல்ல முடியுமா? சொன்னா பல்லைத் தட்டிருவேன்லா? நேத்து கட்டின முடிவு அப்படியே தலைகீழாப் போச்சு. இவர் குற்றவாளின்னு என்னால சொல்ல முடியாது. மத்த ஏழு பேரும் என்ன சொன்னாலும் சரி, நான் ஒருத்தன் போதும், இவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது. பஸ்ல வரும்போது நெஞ்சு நிமிந்துது.

இவ்வளவோட நிறுத்தியிருக்கலாம். ஆனா எழுதிருதேன்.

வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கல. கேஸைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, சத்தியமா. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு எத்தனை நிமிஷம் ஆச்சு, செண்பகம்?"

என்னைக்குன்னு அவ கேக்கல. "முப்பத்தெட்டு"ன்னா.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஆகஸ்டு மாசம் ஒரு சனிக்கிழமை. காலையில பத்தரை மணி. செண்பகம் தோசை ஊத்திக்கிட்டு இருந்தா. கரண்டி கீழ விழுந்துது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பக்கவாதம்னு எனக்கே தெரிஞ்சுட்டு. கையும் ஓடல, காலும் ஓடல. ஃபோன் போட்டேன், வாசலுக்கும் அடுக்களைக்கும் ஓடிக்கிட்டே இருந்தேன். முப்பத்தெட்டு நிமிஷம். ஒரு அரை மணி நேரம் முன்னால வந்திருந்தா இடது கையைக் காப்பாத்தியிருக்கலாம்னு டாக்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னார். நான் அவருக்கு நன்றி சொன்னேன். ஊரெல்லாம், அமெரிக்காவா இருக்கப் போய் செண்பகம் பிழைச்சான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் கவுன்சில்ல இருந்து ஒரு ஃபாரம் வந்துது, ஆம்புலன்ஸ் சேவை எப்படி இருந்துதுன்னு. "மிக நன்று"ல டிக் அடிச்சு அனுப்பிட்டேன். குடியுரிமை மனு போட்டிருந்த சமயம் அது. அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.

செண்பகம் தட்டை எடுத்துக்கிட்டே சொன்னா: "விருந்துக்குப் போன வீட்ல சாம்பார்ல உப்பே இல்லைன்னாலும் நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். நம்ம வீட்லதான் உப்பில்லன்னு சொல்லலாம். நீங்க இன்னும் விருந்துலதான் உக்காந்திருக்கீங்க."

இப்ப விஷயம் என்னன்னா, திங்கக்கிழமை சத்தியம் பண்ணிட்டு நான் கையைத் தூக்காம இருந்திருக்கேன். நல்லவங்க மத்தியில குறை சொல்ல வேண்டாமேன்னு இருந்துட்டேன். அது பொய்தான். நாளைக்கு நீதிபதியம்மாகிட்டச் சொன்னா என்னை வெளிய அனுப்பிருவாங்க, டெல்பர்ட்டுக்கு இருக்கிற ஒரு நிச்சயமான ஆளு போயிருவான். சொல்லாம இருந்தா அவரைக் காப்பாத்திரலாம். ஆனா பொய்யை வச்சுக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்து நியாயம் சொல்லணும். இப்படி ஒரு இக்கட்டு எனக்கு வந்ததே இல்ல.

ஜூன் 26, வியாழன்

சொல்லிட்டேன்.

காலையில கோர்ட்டுச் சேவகர்கிட்டச் சீட்டு எழுதிக் குடுத்தேன். நீதிபதியம்மா அறைக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு வக்கீலும் இருந்தாங்க, ஒரு அம்மா பேசுறதை எல்லாம் தட்டச்சு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. பொய்ச் சத்தியம்னு பிடிச்சு உள்ள போட்டா? குடியுரிமையைப் பிடுங்கிட்டா? ஆனாலும் ஆகஸ்டு சனிக்கிழமையில இருந்து டிக் அடிச்சது வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன்.

நீதிபதியம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க. "அன்னைக்கு ஏன் கையைத் தூக்கலை?"

"தூக்கினா குறை சொன்ன மாதிரி ஆயிருமேன்னு."

"யாரைக் குறை சொன்ன மாதிரி?"

"உங்களை எல்லாரையும்தான்."

தட்டச்சு பண்ணுற அம்மா அதையும் அடிச்சு முடிச்சாங்க.

என்னை ஜூரியில இருந்து எடுத்துட்டாங்க. தண்டனை ஒண்ணும் இல்ல, இப்பவாவது சொன்னதுக்கு நன்றின்னாங்க. தீர்ப்பு வார வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு மறுபடியும் சொன்னாங்க. அரசு வக்கீல் முகத்துல ஒரு தெளிச்சி. சின்னப் பொண்ணு வக்கீல் என்னைப் பாத்த பார்வையை மட்டும் என்னால தாங்க முடியல. ஐந்தாம் நாற்காலிக்கு டோரீன் அம்மா போயிட்டாங்க. நான் வெள்ளைச் சட்டையோட பஸ் ஸ்டாப்புல நின்னேன்.

ஜூன் 27, வெள்ளி

குற்றவாளின்னு சொல்லிட்டாங்க. ஐம்பது நிமிஷத்துல எட்டுப் பேரும்.

நான் கடைசி வரிசையில உக்காந்து கேட்டேன். இப்பவும் வருத்தம் எழுதிக் குடுத்தா ஜெயில் வேண்டாம்னு நீதிபதியம்மா சொல்லிப் பாத்தாங்க. டெல்பர்ட் தலையை ஆட்டிட்டார். பத்து நாள். ஜூலை நாலும் உள்ளதான். அறுபத்தெட்டு வயசுக்காரர் கூட்டிட்டுப் போறப்போ தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நடந்தார். நான் அந்த நாற்காலியில இருந்திருந்தா இது நடந்திருக்காது. சொன்னது சரிதான்னு தெரியுது, ஆனாலும் மனசு ஆறல.

பூட்டுப் போட்ட வாயைத் திறந்தாச்சுன்னு செண்பகம்கிட்ட மொத்தத்தையும் கொட்டினேன். கேஸு அவளுக்குப் பேப்பர்லயே தெரியும். ஃபாரம் மட்டும் தெரியாது. அதை அவகிட்ட நான் சொன்னதே இல்ல.

"மிக நன்றுன்னா எழுதினீங்க?"

ஆமான்னேன்.

"அது என் கை. என் கையைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிக் குடுத்துட்டீங்களே."

அப்புறம் என்னோட பேசல. நான் தலை பின்னப் போனப்போ, விரிச்சே கிடக்கட்டும்னுட்டா.

ஜூன் 30, திங்கள்

பேசல. சிவப்புத் தொட்டியில பதிமூணு பாகம் போட்டேன். குறை கண்டுபிடிச்சதுக்கு சூப்பர்வைசர் தோள்ல தட்டிக் குடுத்தார்.

ஜூலை 2, புதன்

பேசிட்டா! ஜூலை எட்டாம் தேதி கவுன்சில் கூட்டமாம், பொதுஜனம் யாரு வேணும்னாலும் மூணு நிமிஷம் பேசலாமாம், பேரு குடுத்துட்டாளாம். "நீங்க வாரீங்களா, இல்ல காதைப் பொத்திக்கிட்டு அடுக்களையில இருக்கீங்களா?"ன்னா. என் பேரையும் குடுன்னேன். குடுத்தாச்சு, ரெண்டாவது நீங்கதான்னா. இவளை என்ன செய்ய!

ஜூலை 4, வெள்ளி

ஊர்வலம் பாத்தோம். போர்டைப் புதுசா அடிச்சிருக்காங்க. பேண்டு வாத்தியம் அருமை, வாணவேடிக்கை அதைவிட அருமை. கை தட்டினேன். நல்லா இருந்ததை நல்லா இருந்துதுன்னு சொல்லுறதுல ஒரு தப்பும் இல்ல. டெல்பர்ட்டுக்கு அங்க இருந்து வெடிச் சத்தமாவது கேட்டிருக்கும்.

ஜூலை 8, செவ்வாய்

இப்பதான் வந்தோம். செண்பகம் காப்பி போடுதா, நான் எழுதுதேன்.

நாப்பது பேரு இருப்பாங்க. டெல்பர்ட்டும் வந்திருந்தார், நேத்துதான் வெளிய வந்தாராம். பேசப் போறவங்க பேரையும் விலாசத்தையும் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும். செண்பகம் மைக்குக்கு முன்னால போய் நின்னா. தலைவர், எந்த நாட்டுல இருந்து வந்திருக்கீங்கன்னு சிரிச்ச முகமாத்தான் கேட்டார். இவ வீட்டு நம்பரையும் தெருப் பேரையும் சொன்னா. பதினோரு வருஷமா அங்கதான்னா.

தாள் ஒண்ணும் கையில இல்ல. இந்த ஊர்ப் பிள்ளைகளை ஆறு வருஷம் பஸ்ல ஏத்தி இறக்கினேன், ஒரு நாள்கூட ஒரு பிள்ளை மேல ஒரு கீறல் விழல, இப்ப என் தலையை நானே சீவ முடியாதுன்னா. பத்தரைக்குக் கூப்பிட்டோம், பதினொண்ணு எட்டுக்கு வந்தீங்கன்னா. வலது கையால இடது கையைத் தூக்கி மேசை மேல வச்சுட்டு, இதுதான் அந்த முப்பத்தெட்டு நிமிஷம்னா. குரல் நடுங்கவே இல்ல. முன் வரிசையில அவ பஸ்ல போய்ப் படிச்ச ஒரு பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டு அழுதுது. எனக்குப் பெருமை தாங்கல.

அடுத்து நான். பேரு, விலாசம். அந்த ஃபாரத்துல மிக நன்றுன்னு எழுதினது நான்தான், அது பொய், அந்தப் பொய்யைக் கூட்டித்தான் நீங்க வாசல்ல ஒட்டின அறிக்கையில ஆம்புலன்ஸுக்குத் தொண்ணூறு சதவீதம் திருப்தின்னு கணக்குக் காட்டுதீங்க, அதை இன்னைக்கே அடிச்சுருங்கன்னேன். இன்னும் எத்தனை பேரு என்னை மாதிரி மரியாதைக்கு எழுதியிருக்காங்களோன்னேன். பின்னால ஒருத்தி, நானும்னு சத்தமாச் சொன்னா.

அதுக்குள்ள நடு வரிசையில இருந்து ஒரு பெரிய ஆளு எந்திரிச்சுட்டான். "அவ்வளவு பிடிக்கலைன்னா வந்த இடத்துக்கே போக வேண்டியதுதானே?"

தலைவர் மேசையைத் தட்டினார். எல்லார் கண்ணும் எங்க ரெண்டு பேர் மேலயும். பதினெட்டு வருஷமா நான் பயந்துக்கிட்டு இருந்த வார்த்தை அதுதான். அதுக்காகத்தான் இத்தனை நாளும் எல்லாத்தையும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப அது வந்தே வந்துட்டு, பாத்தா எனக்குப் பயமே வரல, கோவம்தான் வந்துது. தென்காசியில என்னை யாராவது அப்படிச் சொன்னா எப்படித் திரும்புவேனோ அப்படித் திரும்பினேன்.

"போறவன் எதுக்குய்யா மெனக்கெட்டு வந்து சொல்லப் போறான்? நாங்க இங்கயேதான் இருக்கப் போறோம். எனக்கு இன்னும் ஒண்ணரை நிமிஷம் பாக்கி இருக்கு, நீ உக்காரு."

அவன் உக்காந்தான். நான் பேசினேன்.